கரியும் காற்றும்: தோட்டத்து மூலையில் ஒரு சிறிய கொல்லுலை

சாத்தே சுடுபவரின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கை குச்சிகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். மறு கை விசிறியை விடவே விடாது. விசிறி நின்றால் கரி சாம்பல் பூத்து மங்கிவிடுகிறது. நான்கு முறை வீசினால் மீண்டும் கனன்று எழுகிறது. கரி அதேதான், மாறியது காற்று மட்டும். கொல்லரின் உலை இயங்குவதும் இந்த அடிப்படையில்தான். இரும்பு வேலை பழக விரும்புபவர் கரியையும் சுத்தியலையும் தேடுவதற்கு முன் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோகிராம் கரிமம் முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு சிறிய அறையில் அடங்கும் காற்று அவ்வளவுதான்! அடுப்பில் கிடக்கும் கரிக்கு இவ்வளவு காற்றும் விரைவாகத் தானே வந்து சேராது. அதனால் சாதாரணக் கரியடுப்பில் வைத்த இரும்புக் கம்பி, மங்கிய சிவப்பைத் தாண்டுவது அரிது. ஆனால் மென்னெஃகை அடித்து வளைக்க 900 முதல் 1,150 பாகை செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். அதே கரிக்குக் குழாய் வழியே காற்றை ஊதினால் 1,300 பாகையையும் எட்டலாம்.

இந்த ஊதும் வேலைக்குத்தான் நம் கொல்லர்கள் தோல் துருத்தியைப் பயன்படுத்தினார்கள். போர்னியோவில் காயான், கென்யா, இபான் கொல்லர்கள் வேறொரு வழியைக் கையாண்டார்கள். நிமிர்த்தி வைத்த இரண்டு குழல்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு தண்டு; தண்டின் நுனியில் பறவை இறகுகள். தண்டை மேலே இழுக்கும்போது இறகுகள் மடங்கி, பக்கவாட்டில் காற்றை உள்ளே விடும். கீழே அழுத்தும்போது விரிந்து குழலை அடைத்துக் காற்றைத் தள்ளும். ஒரு தண்டு ஏறும்போது மற்றது இறங்குவதால் உலைக்குக் காற்று இடைவிடாமல் போகும். தோல் இல்லை, தைக்க வேண்டியதும் இல்லை. பறவை இறகையே அடைப்பிதழாக ஆக்கிய அந்த அறிவு வியக்க வைக்கிறது.

இனி உலைக்கு வருவோம். வேண்டியவை குறைவு. ஏறத்தாழ 60 செண்டிமீட்டர் நீளம், 45 அகலம், 25 உயரம் கொண்ட மரப்பெட்டி ஒன்று. அதை நிரப்பக் களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய் 40 செண்டிமீட்டர். காற்று மெத்தைக்கு ஊதும் கைப்பம்பு ஒன்று.

குழாய் வாங்கும்போது கவனம். ஹார்டுவேர் கடையில் தண்ணீருக்கு விற்கும் ஜிஐ குழாய் பளபளவென்று இருக்கும். அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றில் வெள்ளைப் புகையாகிறது. அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து நடுக்கமும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். அளவு மிஞ்சினால் நுரையீரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பூச்சைத் தீயில் எரித்துவிட்டால் போதும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆபத்தே அந்த எரிப்பில்தான் இருக்கிறது. பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாயையே கேட்டு வாங்குங்கள். உலையில் காய்ச்சும் கம்பிக்கும் இதே விதிதான்: துத்தநாகமோ சாயமோ குரோமியமோ பூசியது வேண்டாம்.

மண்ணையும் மணலையும் கொஞ்சமாக நீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. பெட்டியில் அதை அடுக்கடுக்காக இடித்து நிரப்பி, நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் எடுங்கள். மேலே 20 செண்டிமீட்டர் அகலம், கீழே போகப் போகக் குறுகல், ஆழம் 15 செண்டிமீட்டர். பெட்டியின் ஒரு பக்கத்தில் துளையிட்டு, குழாயின் வாய் பள்ளத்தின் சுவரோடு ஒட்டி நிற்குமாறு செருகுங்கள். வாய் பள்ளத்தின் அடியிலிருந்து 5, 6 செண்டிமீட்டர் மேலே இருக்கட்டும். அடியில் விட்ட அந்த இடம் சாம்பலுக்கு. குழாயை அடியிலேயே வைத்தால் அரை மணி நேரத்தில் சாம்பல் சேர்ந்து காற்று அடைத்துக்கொள்ளும்.

அவசரப்பட்டு அன்றே தீ மூட்ட வேண்டாம். நிழலில் ஒரு வாரமாவது உலரட்டும். நம் மழைக்காலத்தில் இன்னும் சில நாள் கூடுதலாகும். பிறகு சிறு விறகுத் தீயால் மெல்லச் சூடேற்றுங்கள். ஈரமண் திடீரென்று சூடானால் உள்ளே உள்ள நீர் ஆவியாகி, மண்ணைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். ஆற்றுக்கல், சிமெண்டுக் கல் ஆகியவற்றை உலையில் வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான். வெடிப்பு விழுந்தால் அதே மண்ணைக் குழைத்துப் பூசினால் போதும்.

முடி உலர்த்தியைக் கொண்டும் ஊதலாம். ஆனால் தொடங்குபவருக்குக் கைப்பம்பே மேல் என்பது என் கருத்து. நீங்கள் சுத்தியலை எடுக்கும்போது கைப்பம்பு தானே நின்றுவிடுகிறது. மின்கருவியோ யாரும் கவனிக்காதபோதும் கரியைத் தின்றுகொண்டே இருக்கும். முடி உலர்த்தியைத்தான் வைப்பதென்றால் குழாயோடு இறுக்கிப் பொருத்தாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மிகையான காற்று வெளியே போகும். ஊதல் நின்றபின் உலையிலிருந்து குழாய்க்குள் பின்வாங்கும் எரியும் வாயுவும் அங்கே தேங்கி வெடிக்காது.

கரிக்கு நமக்குப் பஞ்சமில்லை. பேரா மாநிலத்துக் கோலா செப்பெத்தாங்கில் பாக்காவ் மரத்தை அடுக்கிக் குவிமாடம் போன்ற சூளைகளில் பல நாள் வேகவைத்து எடுக்கும் கரி, கனமாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுத்திச் செய்த கரிக்கட்டியில் சாம்பல் அதிகம்; உலைக்குத் தோதுப்படாது. கரியைப் பெரிய கோலிக்குண்டு அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துவிடுங்கள். பெரிய துண்டானால் காற்று எரியாமலே இடுக்கில் நழுவிப் போகும். தூளானால் காற்றுக்கே வழி இருக்காது.

இரும்பை எங்கே வைப்பது? புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். குழாய் வாய்க்கு நேர் எதிரேதான் ஊதல் கடுமை, ஆகவே அங்கே வைக்கலாம் என்று தோன்றும். அங்கே உயிர்வளி இன்னும் தீராமல் இருக்கும். அது கரியோடு மட்டுமல்லாமல் இரும்போடும் சேரும். கம்பியின் மேல் கறுப்புச் செதில்கள் உரிவது அதனால்தான். சற்று மேலே போனால் உயிர்வளி தீர்ந்து கரிவளியாகிவிட்டிருக்கும்; வெப்பமும் அங்கேதான் உச்சத்தில் இருக்கும். கம்பிக்கு ஏற்ற இடம் அது. இன்னும் மேலே, கரிவளி கனன்ற கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறும். இந்த மாற்றம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். 1 கிலோகிராம் கரிமம் கரிவளியானால் கிடைப்பது ஏறத்தாழ 33 மெகாஜூல். கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிட்டால் 9 மெகாஜூல்தான். குவியலின் உச்சியில் மெல்லிய நீலச் சுடர் ஆடினால், அந்த வாயு வெளிக்காற்றைத் தொட்டு எரிகிறது என்று பொருள்.

ஆகவே குழாய் வாய்க்கு மேலே 10, 12 செண்டிமீட்டர் உயரத்துக்குக் கரியைக் குவித்து, கம்பியைப் படுக்கைவாக்கில் நடுவே செருகுங்கள். கீழேயும் கரி, மேலேயும் கரி.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எரியாமல் தப்பும் பங்கு கார் நிறுத்தும் கூடத்தில் தேங்கினால் தலைவலி, மயக்கம், பிறகு மரணம். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உலைக்கு நான்கு பக்கமும் திறந்த, கூரை உயர்ந்த நிழல் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்யவே கூடாது. புகைமூட்டக் காலத்திலும் ஒத்திப்போடுங்கள்.

நிழல் வேறொரு காரணத்துக்காகவும் தேவை. நம் வெயிலில் இரும்பின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. நிழலில் 700 பாகையில் அடர்சிவப்பு, 950 வாக்கில் ஆரஞ்சு, 1,100இல் மஞ்சள் தெரியும். நிறத்தை நம்ப முடியாவிட்டால், கம்பியில் கட்டிய காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள். 770 பாகையைத் தாண்டிய இரும்பு காந்தத்தை இழுக்காது. அதற்குப் பின்னும் கொஞ்சம் ஊதி, ஆரஞ்சு வந்ததும் எடுங்கள். சிவப்புக்குத் திரும்பியதும் அடிப்பதை நிறுத்தி, மறுபடியும் உலையில் வையுங்கள். வெண்மையாகி மத்தாப்புப்போல் பொறி பறந்தால் எஃகே எரிகிறது. எரிந்த நுனி அடித்தால் உதிரும். வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

முதல் வேலைக்கு 8 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு கொக்கி செய்து பாருங்கள். கம்பி 60 செண்டிமீட்டர் நீளம் இருந்தால் குறடு தேவைப்படாது. மறுமுனை கைபொறுக்கும் சூட்டில் இருக்கும். பட்டடைக்கு மரக்கட்டையில் பதித்த 5 கிலோகிராம் சம்மட்டித் தலை போதும். பருத்தி உடை, மூடிய காலணி, கண்ணாடி கட்டாயம். பாலியஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பள்ளி மாணவர்கள் அனுபவமுள்ள பெரியவர் இல்லாமல் தீ மூட்டக்கூடாது. வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களுக்கு எல்லைக்கோடு போட்டுவிடுங்கள். இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை!

வேலை முடிந்ததும் கனலை நீண்ட கரண்டியால் அள்ளி, இரும்பு வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டு அணையுங்கள். உலர்த்தினால் அடுத்த முறைக்கு ஆகும். பள்ளத்தில் தங்கிய சாம்பலை அன்றே குப்பையில் கொட்டாதீர்கள். உள்ளே புதைந்த கனல் மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும்.