செயற்கைப் புல்தரையை ஒட்டப் போகிறீர்களா?

"பிளாஸ்டிக் புல்லு தானே, கிழிஞ்சா பசை போட்டு ஒட்டிட வேண்டியதுதானே" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒட்டத்தான் வேண்டும். ஆனால் சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் எந்தப் பசை என்பதை விட எந்த நேரம் என்பதுதான் முக்கியம். நாம் சிவில்காரர்கள் என்றாலும் இதில் கெமிஸ்ட்ரியும் உண்டு, பிசிக்ஸும் உண்டு.

ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது 1976 மான்ட்ரியலில்தான். நம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 2023 ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைக்காகப் புதுத் தரை போட்டார்கள். இறுதியாட்டத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றது. இது பெரிய இடம். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலும், மொட்டை மாடியிலும் கூட, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் சின்னச் சின்ன 'டர்ஃப்' மைதானங்கள் வந்துவிட்டன. நாளைக்கு நம்மில் பலருக்கு வேலை அங்கேதான்.

தரையின் அமைப்பு சுலபம். அடியில் கெட்டித்த ஜல்லி, அதன் மேல் தார் அல்லது கான்கிரீட் தளம், சில இடங்களில் ரப்பர் துகள்களைப் பசையில் குழைத்துப் போட்ட ஒரு மெத்தை அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே புல் கார்ப்பெட். ஃபுட்பால் தரை என்றால் நார்களுக்கு இடையே மணலும் ரப்பர் துகளும் நிரப்புவார்கள். பெரிய ஹாக்கித் தரையில் எதையும் நிரப்புவதில்லை, ஆட்டத்துக்கு முன் தண்ணீர் அடிப்பார்கள். கார்ப்பெட் ரோல் ரோலாக வரும். ரோலின் அகலம் 4 மீட்டர் என்று வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரங்களையும் சேர்த்து 101.4 மீட்டர் நீளம், 63 மீட்டர் அகலம் உள்ள ஹாக்கி மைதானத்தில் 25 ஜாயின்ட் வருகிறது. மொத்தம் சுமார் 1,575 மீட்டர்! ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வெறும் ஒட்டு. கிழிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அரை விரல் தூக்கி நின்றாலும் ஓடி வருகிற பையனின் கால் மாட்டி கணுக்கால் போய்விடும்.

ஜாயின்டுக்கு அடியில் ஒரு துணி டேப், அதன் மேல் பாலியூரித்தேன் பசை. இரண்டு டப்பாக்களைக் கலக்கும் வகையில் ஒன்றில் ஐசோசயனேட் இருக்கும். அது ரெசினோடு சேர்ந்தால் கெட்டியான பிடிப்பு. தண்ணீரைக் கண்டால் அதனோடும் சேர்ந்துவிடும்; கார்பன்-டை-ஆக்சைடு கிளம்பிப் பசை நுரைத்துப் பொங்கும். காய்ந்ததும் தொட்டால் கல் மாதிரி இருக்கும், உள்ளே பார்த்தால் பன். ஒரே டப்பாவாக வரும் பசையோ காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். ஆகவே காற்றின் ஈரம் முழு எதிரி அல்ல. பரப்பின் மேல் படிந்து நிற்கும் நீர்தான் எதிரி.

போன கோடை விடுமுறையில் இப்படி ஒரு மைதானத்தில் நான் ஹெல்பராகப் போனேன். மாலை முழுக்க புக்கிங் இருந்ததால் இரவு 11 மணிக்கு மேல்தான் ஒட்டச் சொன்னார்கள். ஒரே ஜாயின்ட் மூன்று முறை பிரிந்தது. மூன்றாம் முறை கான்ட்ராக்டர், ஒட்டிய அண்ணனின் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். அந்த அண்ணன் கையில் ஒரு குறையும் இல்லை. நேரம்தான் தப்பு. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனால் "ஈரச் சுவத்துல அடிச்ச பெயின்ட் நிக்காதுடா" என்று பெயின்டரான என் அப்பா எப்போதோ சொன்னதுதான் இந்தப் பாடமும்.

இதை எண்ணில் பார்ப்போம். இரவில் காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிநிலை 25 டிகிரிக்குச் சற்று மேல். தெளிந்த வானத்தின் கீழ் தரை காற்றை விடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். இரண்டு டிகிரி இறங்கினால் போதும், கண்ணுக்குத் தெரியாத பனி படிந்துவிடும். பெயின்ட், கோட்டிங் வேலைகளில் ஒரு விதி உண்டு: பரப்பின் வெப்பநிலை பனிநிலையை விடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். அதையே இங்கும் பிடித்துக்கொள்ளலாம். லேபில் இருக்கும் உலர்குமிழ் - ஈரக்குமிழ் வெப்பமானியும் ஒரு அட்டவணையும் இருந்தால் பனிநிலை தெரிந்துவிடும்.

அப்படியானால் உச்சி வெயிலில் ஒட்டலாமா? கூடாது. வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. கலக்கிய பசை பரப்புவதற்குள் இறுகிவிடும். விரிந்திருக்கும் கார்ப்பெட்டை அப்படியே ஒட்டினால், ராத்திரி சுருங்கும்போது ஜாயின்ட் வாய் திறக்கும். பனி உலர்ந்து, தரை இன்னும் கொதிக்காத காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரைதான் நல்ல நேரம் என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரிய வேலையைத் தொடவே வேண்டாம்.

வேலை இப்படி. முந்தின நாளே தண்ணீர் அடிப்பதை நிறுத்தி, அந்த இடத்து மணலை அள்ளி, கார்ப்பெட் ஓரங்களை மடித்து, அடித்தளத்தைக் காய விட வேண்டும். கான்கிரீட் தளம் என்றால் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்ளே வியர்த்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது, அன்றைக்கு ஒட்டாதீர்கள். பழைய டேப்பையும் பசையையும் முழுசாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இதில்தான் எல்லோரும் சோம்பல் படுகிறார்கள். புது டேப்பில் பல் கரண்டியால் பசை பரப்பி, பிசுபிசுப்பு வந்ததும் ஓரங்களை இறக்கி, நார் எதுவும் உள்ளே மாட்டாமல் ரோலரால் அழுத்தி, மணல் மூட்டை வைத்துவிடலாம். ஒட்டுத் துண்டு போடுவதானால் பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். நாரின் சாய்வு ஒரே திசையில் இருக்கட்டும். புது ரோலை விட அதே மைதானத்தின் ஓரத்தில் வெட்டிய பழைய துண்டுதான் நிறத்திலும் உயரத்திலும் பொருந்தும்.

சிலர் பசைக்குப் பதில் இரும்பு ஆணி அடிக்கிறார்கள். உப்புக் காற்றில் அது துருப்பிடித்துத் தலை தூக்கும், விழுகிறவன் முழங்காலைக் கிழிக்கும். தயவுசெய்து வேண்டாம். மர நிழலில் வழுக்குகிற பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதோடு, தண்ணீர் வடியும் துளைகளையும் பாருங்கள். துளை அடைத்தால் பாசி திரும்ப வரும், பசையும் ஈரத்திலேயே ஊறும்.

மணலைத் திரும்ப நிரப்புவது பசை முழுதும் இறுகிய பிறகுதான். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன் யாரையும் ஆட விடாதீர்கள். ஒட்டிய நேரம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ராத்திரி வேலை என்றால் ராத்திரி என்றே எழுதி, சைட் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். மறுபடி பிரிந்தால் கூலியைப் பிடிப்பதற்கு முன் அந்த நோட்டைப் பார்க்கச் சொல்லலாம்.