பழைய டி700, புதிய இஸட் 50: இரண்டையும் தோளில் மாட்டி வேலை செய்ததில் கற்றவை

"அண்ணே, செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய ஃபுல் ஃப்ரேம் பாடி வருது. கொஞ்சம் கூடப் போட்டா புது மிரர்லெஸ்ஸே வாங்கிடலாம். எதை வாங்கட்டும்?" கல்யாண வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. என் பையில் இரண்டு வகையும் இருக்கின்றன. ஒன்று, 2008-இல் வந்த நிக்கான் டி700. பத்திரிகைக்காரர்களும் கல்யாணப் படக்காரர்களும் பல ஆண்டுகள் நம்பிச் சுமந்த கருவி. இன்னொன்று, 2019-இல் வந்த இஸட் 50. நிக்கான் தன் இஸட் மிரர்லெஸ் வரிசையில் சிறிய சென்சாரோடு கொண்டுவந்த முதல் கேமரா. இரண்டையும் ஒரே மண்டபத்திலும் ஒரே சபாவிலும் ஒரே திருவிழாக் கூட்டத்திலும் மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறேன். பழையதில் நீங்கள் காசு கொடுப்பது பொத்தான்களுக்கும் உடம்புக்கும். புதியதில் காசு கொடுப்பது ஃபோகஸுக்கு. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றக் கணக்கெல்லாம் சுலபம்.

படத்தின் தரத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் பேசுகிறார்கள். அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டி700-இல் 12.1 மெகாபிக்சல், இஸட் 50-இல் 20.9. நம் ஊரில் வழக்கமாகப் போடும் 12×36 ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டால், டி700 படத்தின் 4256 பிக்சல் அகலம் அங்குலத்துக்கு 118 பிக்சலாக விழும்; இஸட் 50-இன் 5568 பிக்சல் 155-ஆக விழும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன பெண்வீட்டார் யாரையும் நான் பார்த்ததில்லை. ஐஎஸ்ஓ 3200-இல் டி700 இன்னும் தளராமல் நிற்கிறது. பெரிய சென்சாரின் பலம் அது. வெயிலில் எடுத்த படத்தில் நிழலைத் தூக்கும்போது மட்டும் இஸட் 50 தெளிவாக ஜெயிக்கிறது. பந்தலுக்கு வெளியே பளீரென்ற வெளிச்சம், உள்ளே இருட்டில் மாமாக்கள் கூட்டம் என்றால் புதியதன் ரா ஃபைலில் அந்த முகங்கள் சுத்தமாக மேலே வரும். அவ்வளவுதான். இனிப் பேச வேண்டியது கையையும் கண்ணையும் பற்றி.

டி700-இன் ஃபோகஸ் புள்ளிகள் 51. எல்லாம் சட்டத்தின் நடுப்பகுதியிலேயே நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். மணமகளின் முகம் ஓரத்தில் இருக்க வேண்டுமென்றால் நடுப்புள்ளியை முகத்தில் வைத்து ஃபோகஸ் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்ப வேண்டும். 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து, ஆறடி தூரத்தில் நின்று இப்படித் திருப்பினால் கூர்மை கண்ணிலிருந்து காதோரக் கூந்தலுக்கு நகர்ந்துவிடும். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருப்பதால், ஒவ்வொரு லென்ஸும் சற்று முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் விழவைக்கும் தொல்லையும் உண்டு. டி700-இன் மெனுவில் ஏஎஃப் ஃபைன் டியூன் என்ற அமைப்பு இருப்பது அதற்காகவே. பழைய பாடி வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே தங்கள் லென்ஸ்களை அதில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட வேண்டும்.

இஸட் 50-இல் இந்தக் கவலை இல்லை. படம் பதிகிற சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. 209 புள்ளிகள், ஏறக்குறையச் சட்டம் முழுக்க. முகம் எங்கே போனாலும் பின்தொடர்ந்து கண்ணைப் பிடிக்கும். கெட்டிமேளம் முழங்க, அட்சதை பறக்க, ஹோமப் புகை நடுவில் மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டும் அந்தச் சில விநாடிகளில், கேமரா தானாகக் கண்ணைப் பிடித்துக்கொண்டால் என் மனம் முழுக்க அந்தக் காட்சிமேல் நிற்கிறது. பின்னால் அம்மா கண் துடைப்பதைக் கவனிக்க முடிகிறது. புதிய கேமராவின் மிகப் பெரிய கொடை என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஆனால் இதே முகம் பிடிக்கும் அறிவு கோயில் திருவிழாவில் காலை வாரும். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் வீதியுலா பார்த்திருப்பீர்கள். பல்லக்கில் நாயன்மார் வரும்போது இஸட் 50-ஐத் தூக்கினால், அது முன்வரிசையில் செல்போன் பிடித்து நிற்பவர் முகத்தையோ பல்லக்குத் தூக்குகிறவர் முகத்தையோதான் கட்டம் போட்டுப் பிடிக்கும். மாலைகளுக்கு நடுவே பாதி மறைந்த செப்புத் திருமுகத்தை அது பெரும்பாலும் முகமாகவே எண்ணுவதில்லை. அங்கே ஆட்டோ ஏரியாவை விட்டுவிட்டு ஒற்றைப் புள்ளிக்கு வந்துவிட வேண்டும். அந்த மாற்றத்தை மெனுவுக்குள் தேடினால் பல்லக்கு தெரு முனை தாண்டிவிடும். எனவே முன்பக்க எஃப்என் பட்டன் ஒன்றில் அதை வைத்திருக்கிறேன். டி700-இல் இதற்குப் பின்புறம் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே கட்டைவிரல் தள்ளிவிடும். ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ, மீட்டரிங், தொடர் படம் எல்லாவற்றுக்கும் டி700-இல் தனித்தனி இடம் உண்டு. இருட்டில் தடவியே அமைத்துவிடலாம். தொழில்முறை பாடி என்பதற்கு என் அனுபவத்தில் இதுதான் பொருள். சென்சார் பழசாகும், அந்தப் பொத்தான்களின் அமைப்பு பழசாவதில்லை.

சபாவுக்கு வருவோம். மார்கழிக் கச்சேரிகளில் படம் எடுக்கிறவர்களுக்கு டி700 ஒரு சோதனை. அதன் கண்ணாடி மேலே எழும்பி விழும் ஓசை, ஆலாபனை நடுவே முன்வரிசைக்கு நன்றாகவே கேட்கும். ரசிகர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பாடுகிறவருக்கும் இடைஞ்சல். அதனால் அதைக் கொண்டுபோகும் நாட்களில் கைதட்டலுக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் காத்திருந்து, மிருதங்க ஓசைக்குள் ஷட்டர் ஓசையை மறைத்துக்கொள்வேன். இஸட் 50-இல் சைலண்ட் ஃபோட்டோகிராஃபியைப் போட்டுவிட்டால் சத்தமே கிடையாது. தம்புரா சுருதி மட்டும் கேட்கும் நிமிடத்தில், கண் மூடி மேல் ஸட்ஜத்தில் நிற்கும் முகத்தை எடுக்கலாம். பழைய கேமராவால் கிடைக்கவே கிடைக்காத படங்கள் இவை.

இதற்கு ஒரு விலை உண்டு. ஓசையில்லாத முறையில் ஷட்டர் திரை அசைவதில்லை; சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. மேடையில் மலிவான எல்இடி விளக்கு இருந்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது விநாடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1/250-இல் எடுத்த படத்தில் பாடகரின் பட்டுப்புடவை மேல் இருண்ட பட்டைகள் குறுக்கே ஓடும். 1/100 அல்லது 1/50-க்கு இறங்கினால் ஒவ்வொரு வரிக்கும் முழு மினுங்கல் கிடைத்துப் பட்டை மறையும். எல்லா விளக்கும் இதற்கு அடங்காது. சில மேடைகளில் விளக்கின் சுற்று வேறு வேகத்தில் ஓடும். கச்சேரி தொடங்குமுன் வெள்ளைத் திரையை நோக்கி இரண்டு மூன்று வேகங்களில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, இந்த முறையில் வேகமான அசைவு சாய்ந்து பதியும். துரிதத்தில் வயலின் வில் கோணலாகத் தெரியும். பரதநாட்டியத்தில் ஜதிக்குக் கால் தூக்கும் நொடிக்கு அது ஒத்துவராது. அங்கே சலங்கை ஒலியே போதுமான மறைப்பு. சாதாரண ஷட்டருக்கே திரும்பிவிடுவேன்.

வெளிச்சத்தை அளப்பதில் இரண்டும் இரண்டு விதமாகக் கற்பிக்கின்றன. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை சட்டம் நிறைய நின்றால் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். டி700-இல் அதை எடுப்பதற்கு முன்பே ஊகித்து, முக்கால் ஸ்டாப் அளவு கூட்டி வைக்க வேண்டும். அரக்கு நிறக் கூறைப்புடவைக்கு அதற்கு நேர்மாறு. இந்த ஊகம் விரல்களுக்குள் இறங்கினால் எந்தக் கேமராவிலும் பயன்படும். இஸட் 50-இன் மின் வியூஃபைண்டரில் படம் எப்படி வரும் என்பது எடுக்குமுன்பே தெரிகிறது, ஹிஸ்டோகிராமும் ஓடுகிறது. இருட்டு மண்டபத்தில் அந்தச் சிறு திரை உண்மையைவிடப் பளிச்சென்று காட்டுவதால் திரையை நம்பாமல் ஹிஸ்டோகிராமை நம்புங்கள். ஸ்டூடியோவில் ட்ரிகர் வைத்து ஃப்ளாஷ் அடிக்கும்போது வியூஃபைண்டர் முழுக்க இருண்டுவிட்டதே என்று பதறுகிறவர்களைப் பார்க்கிறேன். கேமரா கெடவில்லை. எக்ஸ்போஷர் அமைப்பை லைவ் வியூவில் காட்டும் வசதியை மெனுவில் அணைத்துவிட்டால் சரியாகிவிடும்.

பேட்டரியில் பழையதை அசைக்க முடியாது. டி700-இல் கண்ணாடி வழியே பார்க்கிறோம், பார்ப்பதற்கு மின்சாரம் செலவில்லை. பிரம்ம முகூர்த்தக் கல்யாணத்துக்கு விடியுமுன் போய், பந்தி முடியும்வரை ஒரே பேட்டரியில் ஓட்டலாம். இஸட் 50-இன் சின்ன பேட்டரி 1120 எம்ஏஎச். திரை எப்போதும் எரிவதால் மாப்பிள்ளை அழைப்பு முடிவதற்குள் கரைந்துவிடும். குறைந்தது மூன்று பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் வழியே பாடிக்குள்ளேயே சார்ஜ் ஏறும் என்பதால், காரில் அடுத்த இடத்துக்குப் போகும் நேரத்தில் பவர்பேங்கில் மாட்டிவிடலாம். கார்டு போடும் இடமும் பேட்டரிக் கதவுக்குள் அடியில் இருக்கிறது. ட்ரைபாட் பிளேட் மாட்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டிவரும். இரண்டிலும் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். ஆகவே சடங்கு ஒன்று முடிந்ததும் கார்டை மாற்றி, எடுத்ததை லேப்டாப்பில் இறக்கிவிடுவது என் வழக்கம்.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். டி700 வெறும் பாடியே 995 கிராம். 24-70 எஃப் 2.8 லென்ஸோடு இரண்டு கிலோவைத் தொடும். இஸட் 50 வெறும் பாடி 395 கிராம். கூட வரும் 16-50 லென்ஸ் 135 கிராம். மாலை ரிசப்ஷனில் மேடை ஓரம் மணிக்கணக்கில் நிற்கும்போது மணிக்கட்டு இந்த வித்தியாசத்தை நன்றாக உணரும். வீடியோ கேட்கும் வீடுகளில் கேள்விக்கே இடமில்லை, டி700-இல் வீடியோவே கிடையாது. வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆரான டி90 சில வாரங்கள் கழித்துத்தான் வந்தது.

லென்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நம் கடைகளில் சகாயமாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. 50 எஃப் 1.8 டி, 80-200 எஃப் 2.8 டி போன்றவை பாடிக்குள் இருக்கும் மோட்டாரைக் கொண்டு திருகப்படுபவை. டி700-இல் அந்த மோட்டார் உண்டு. இஸட் 50-இல் எஃப்டிஇசட் அடாப்டர் வழியே மாட்டினால் படம் வரும், ஆட்டோஃபோகஸ் வராது. கையால்தான் திருக வேண்டும். ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் "பழைய லென்ஸ் எல்லாம் அடாப்டர்ல ஓடும்" என்று கடைக்காரர் சொன்னால், லென்ஸின் வளையத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இஸட் 50-க்கு உள்ளே தூசி உதறும் அமைப்பும் இல்லை. லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே வெளியே தெரியும். தேரோட்டத் தெருவில், மண்டபத்து மின்விசிறிக்குக் கீழே அதைத் திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் பவரை அணைத்து, வாயைக் கீழே கவிழ்த்து மாற்றுங்கள்.

அந்தத் தம்பிகளுக்கு என் பதில் இது. கல்யாணம், குழந்தை, கச்சேரி, வீடியோ என்று மனிதர்களை எடுத்துப் பிழைக்கப்போகிறீர்கள் என்றால் புதிய மிரர்லெஸ்ஸை வாங்குங்கள். பெட்டியோடு வரும் 16-50 லென்ஸ் நீள முனையில் எஃப் 6.3-க்கு ஒடுங்கிவிடும், மண்டப வெளிச்சத்துக்கு அது போதாது. எனவே கையில் உள்ள காசில் ஒரு பங்கை எஃப் 1.8 லென்ஸ் ஒன்றுக்கு முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஃப்ளாஷ் வைத்துப் பொருள்களையோ கட்டடங்களையோ எடுக்கிறவர், கையில் ஏஎஃப்-டி லென்ஸ்கள் நிறைய வைத்திருக்கிறவர், வெளிச்சத்தை அடிப்படையிலிருந்து கற்க விரும்புகிறவர், இவர்களுக்கு டி700 இன்றும் தாராளமாக உழைக்கும்.

அப்படிப் பழையதை வாங்கப் போகும்போது கையில் சொந்தமாக ஒரு சிஎஃப் கார்டையும் அதற்கான ரீடரையும் கொண்டுபோங்கள். கடையிலேயே ஒரு படம் எடுத்து, அந்த ஃபைலுக்குள் பதிந்திருக்கும் ஷட்டர் கவுண்டைப் பாருங்கள். 1,50,000 வரை சோதிக்கப்பட்ட ஷட்டர் அது. கார்டு போடும் குழிக்குள் டார்ச் அடித்து ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஓர் ஊசி மடங்கினாலும் செலவு பெரிது. கைப்பிடி ரப்பர் உப்பியோ பிசுபிசுத்தோ இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அது இந்த மாடலின் வழக்கமான நோய், படத்தைப் பாதிக்காது. எஃப் 16-இல் வானத்தை எடுத்து சென்சார்க் கறையைச் சோதியுங்கள். லென்ஸைக் கண்ணெதிரே வெளிச்சத்தில் தூக்கி உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், கடற்கரை ஊர்களில் வைத்திருந்த லென்ஸ்களில் இது சகஜம். கடைசியாக மெனுவில் பேட்டரி இன்ஃபோவைத் திறங்கள். பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை அது காட்டும். 4 என்றிருந்தால் புதிய பேட்டரியின் விலையையும் பேரத்தில் சேர்த்துப் பேசுங்கள்.