பாட்டுக்கு வேண்டாம், படத்துக்கு வேண்டும்

கேள்வி: வீட்டிலேயே பாடல் பதிவு செய்து, வீடியோவும் எடிட் செய்கிறேன். புதுக் கம்ப்யூட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

பதில்: பாட்டுக்கு மட்டும் என்றால் தனிக் கார்டே வேண்டாம். கியூபேஸ், ரீப்பர் போன்ற பாடல் பதிவு மென்பொருள்கள் நம்பியிருப்பது பிராசஸரையும் ரேமையும்தான். அந்தக் காசை 32 ஜிபி ரேமில் போடுங்கள்.

வீடியோ கதை வேறு. டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருளில் கலர் கிரேடிங், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் கார்டின் தலையில்தான் விடியும். 4கே வேலைக்கு 8 ஜிபி விரேமாவது (கார்டின் சொந்த மெமரி) வேண்டும். 12 இருந்தால் நிம்மதி. கடைக்காரர் கேம் ஓட்டிக் காட்டுவார், மயங்காதீர்கள். முதலில் உங்கள் கேமரா எந்த ஃபார்மட்டில் பதிகிறது என்று பாருங்கள். 10 பிட் 4:2:2 எச்.265 என்றால், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைகூட அதை ஹார்டுவேரில் டிகோட் செய்யாது. டைம்லைன் திக்கித் திணறும். 2025-இல் வந்த 50 வரிசை செய்யும். இன்டெல் 12-ஆம் தலைமுறை கோர் பிராசஸர்களுக்குள்ளேயே இருக்கும் வீடியோ வசதியான குவிக் சிங்கும் செய்யும். ஆனால் மாடல் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் அந்த வசதி கிடையாது. விலை குறைவு என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

பாடுகிற அறையிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறதா? லோடு இல்லாதபோது ஃபேன் நின்றுவிடும் கார்டாகக் கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு ஆடியோவில் ‘படபட’வென்று சத்தம் வந்தால், லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், சில நேரம் கார்டின் டிரைவரே குற்றவாளி.