தீவன மூட்டையைப் பிரிக்கும் முன்

புதிதாகப் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தத் தீவனம் நல்லதுங்க ஐயா?" அடுத்தது, "எத்தனை குஞ்சு விடலாம்?" தண்ணீர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. டெல்டாவில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கப் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தக் கேட்காத கேள்வியைப் பற்றித்தான்.

1. நமக்கு மார்கழியானாலும் சித்திரையானாலும் உடம்பு 37 டிகிரி. குளத்து மீனுக்கு அப்படி இல்லை. தண்ணீர் 24 என்றால் அதன் உடம்பும் 24, தண்ணீர் 33 என்றால் உடம்பும் 33. (கடலில் சூரை போன்ற சில மீன்கள் தசையின் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். நம் கெண்டைக்கு அந்த வசதி கிடையாது.) மீன் தாங்கும் அளவுக்குள் தண்ணீர் 10 டிகிரி கூடினால், செரிமானம், மூச்சு, கழிவு என்று உடம்புக்குள் நடக்கும் வேலைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

2. தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். விடியலில் ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை பாருங்கள். மேல் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது. வாயகன்ற பாட்டிலுக்குள் தெர்மாமீட்டரை வைத்து, கல் கட்டி அடிவரை இறக்கி, இரண்டு நிமிடம் விட்டு, தண்ணீரோடு மேலே இழுத்துப் படியுங்கள். மேல், அடி இரண்டு அளவையும் நோட்டில் எழுதுங்கள்.

3. கெண்டைகள் 25 முதல் 32 டிகிரிக்குள் நன்றாகத் தின்று வளரும். தண்ணீர் குளிரக் குளிர பசி குறையும், தின்றதும் மெதுவாகத்தான் செரிக்கும். எனவே மார்கழி, தையில் விடிந்ததும் தீவனம் போடாதீர்கள், வெயில் ஏறட்டும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் நிரப்பிய துளைப்பையை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டால், இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்கலாம். பை காலியாகவில்லை என்றால் மறுநாள் அளவைக் குறையுங்கள். மிச்சத் தீவனம் அடியில் அழுகி விஷமாகும்.

4. கோடையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையுமானால், 30 டிகிரியில் ஏழரைதான். அதையும் இரவு முழுக்கப் பாசியும் மீனும் அடிமண்ணும் பங்கு போட்டுக்கொள்ளும். விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் ஏரேட்டரைப் போடுங்கள், புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள், அன்று தீவனத்தை நிறுத்துங்கள். சூடும் தண்ணீரின் பி.எச். அளவும் ஏற ஏற, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சும் ஏறும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். "நல்லாத் தின்னுது" என்று சித்திரையில் தீவனத்தைக் கூட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம்.

5. வெயில் காய்ந்த குளத்தில் மேலே சூடு, அடியில் குளிர்ச்சி என்று தண்ணீர் இரண்டு அடுக்காக நிற்கும். திடீரென்று கோடை மழை கொட்டினால் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். ஆக்சிஜன் இல்லாத அடித்தண்ணீர் மேலே கலக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் மீன் செத்து மிதந்தால் பலர் மருந்தடித்த வயல் தண்ணீர் வந்துவிட்டதோ என்று சந்தேகப்படுவார்கள். முதலில் உங்கள் நோட்டில் மேல், அடி அளவுகளைப் பாருங்கள்.

6. இனப்பெருக்கத்திலும் சூடுதான் முன்னே நிற்கிறது. மாசி, பங்குனியில் பகல் நீண்டு தண்ணீர் சூடேறும்போது மூளை தூண்ட, அதன் கீழிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வேலையைத் தொடங்கும். சினை வளரும். ஆனி, ஆடிக்குள் தாய் மீனின் வயிறு மெத்தென்று பருத்து, கழிவுத் துவாரம் சிவந்து வீங்கியிருக்கும். ஆண் மீனின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரக்கும், வயிற்றை லேசாக அழுத்தினால் பால் வரும். ஆனாலும் குட்டையில் இவை தாமாக முட்டையிடுவதில்லை. இவை ஆற்று மீன்கள், மழை வெள்ளத்துக்குக் காத்திருப்பவை. 1957-ல் ஒடிசாவில் மீன் ஆராய்ச்சியாளர் ஹீராலால் சவுத்ரியும் உடனிருந்தவர்களும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு அந்தப் பூட்டைத் திறந்தார்கள். ஜூலை 10-ஐ நாம் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுவது அதற்காகத்தான். இன்று செயற்கை ஹார்மோன் ஊசி கடையில் கிடைக்கிறது. ஊசி போட்டாலும் 24 முதல் 31 டிகிரிக்குள் தண்ணீர் இருந்தால்தான் பலன். அதனால்தான் சாயங்காலம் ஊசி போட்டு, இரவின் குளிர்ச்சியில் முட்டையிட விடுகிறோம். சூடு நாள்கணக்கில் அளவுமீறி நின்றால் தின்றதெல்லாம் உயிரைப் பிடித்துவைக்கவே செலவாகும், வளர்ந்த சினையும் உள்ளேயே கரைந்துபோகும். அப்படிப்பட்ட தாய் மீனுக்கு மறுபடி மறுபடி ஊசி குத்தாதீர்கள், பாவம்.

7. முட்டைக்கும் தனிக் கணக்கு உண்டு. 27 முதல் 30 டிகிரிக்குள் நம் கெண்டை முட்டைகள் 14 முதல் 20 மணி நேரத்தில் பொரிந்துவிடும். குளிர்ந்தால் தாமதமாகும், பூஞ்சை பிடிக்கும். அளவுமீறிச் சூடானால் சீக்கிரம் பொரியும், ஆனால் முதுகு வளைந்த குஞ்சுகள் வரும். நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் டிரவுட் வளர்க்கிறார்களே, அந்த முட்டை 10 டிகிரித் தண்ணீரில் பொரிய ஒரு மாதம் ஆகும். அதை நம் தண்ணீரில் போட்டால் ஒன்றுகூடத் தேறாது. எனவே வேறு ஊரில், வேறு மீனுக்குப் பலித்த அட்டவணையை அப்படியே எடுத்துவந்து இங்கே பின்பற்றாதீர்கள்.

8. ஜிலேபிக் கெண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஆண்டு முழுக்கக் குஞ்சு பொரிக்கும், குட்டையே நெரிசலாகிவிடும். அதன் இளங்குஞ்சுகளை முதல் சில வாரங்கள் 35 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்தால் ஆண்கள் அதிகமாகும் என்பது ஆய்வில் கண்டது. அனுமதி வாங்காமல் ஜிலேபிக் கெண்டை வளர்ப்பில் இறங்க வேண்டாம்.

9. குஞ்சு வாங்கிவருவது விடியலிலோ பொழுது சாய்ந்தோ இருக்கட்டும். பாக்கெட்டை வந்ததும் வெட்டிக் கொட்டாதீர்கள். கட்டவிழ்க்காமல் நிழலான ஓரத்தில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு வாயைத் திறந்து குளத்துத் தண்ணீரைக் கை கையாக உள்ளே விடுங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு என்று தெர்மாமீட்டர் காட்டியதும் பாக்கெட்டைச் சாய்த்துப் பிடியுங்கள், குஞ்சுகள் தாமாக நீந்திப் போகட்டும். தீவனத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.