தோட்டமா, பட்டணமா? புறப்படுமுன் ஒரு கணக்கு

தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிபெயரலாமா என்னும் வினா தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றில் எழுகின்றது. போகலாம் என்பர் பிள்ளைகள், தயங்குவர் பெற்றோர். இரு சாராரிடமும் நியாயம் உண்டு. ஆகவே, ஆசையாலோ அச்சத்தாலோ முடிவு செய்யாமல், நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதே அறிவுடைமையாகும். கோலாலம்பூர் போன்ற மாநகரை விடுத்து, நடுத்தர நகரமாகிய சுங்கை பட்டாணியை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நகரம் தரும் நன்மைகள்

கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில் அமைந்துள்ள இந்நகரைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்களே நிறைந்திருந்தன. அந்நிலங்களுள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. 1994இல் முழுமை பெற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும், 2015இல் வந்த மின்சார ரயிலும் போக்குவரத்தை எளிதாக்கின. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா அண்மையிலேயே உள்ளது. சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை, தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆகியவை நகரிலேயே உண்டு.

பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானம் மழையையும் மரத்தையும் பொறுத்தது. மழை நாளில் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும். தொழிற்சாலை வேலைக்கு இத்தடைகள் இல்லை. குடும்பத்தில் இருவர் வேலைக்குச் செல்லும் வாய்ப்பும் நகரில் மிகுதி.

நகரம் கேட்கும் விலை

2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இது தோட்டத்திற்கும் தொழிற்சாலைக்கும் பொதுவானது. எனவே, சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாது. கைச்செலவையும் ஒப்பிட வேண்டும்.

விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் காண்போம். தோட்டத்தில் 1,800 ரிங்கிட் பெறும் ஒருவர், நகரில் 2,200 ரிங்கிட் பெறுகிறார் என்று கொள்வோம். வரவு 400 ரிங்கிட் கூடியது. ஆனால், தோட்டத்தில் வாடகையின்றிக் குடியிருந்தவர், நகரில் 500 ரிங்கிட் வாடகை கொடுக்கிறார். மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கும் நீர், மின் கட்டணத்திற்கும் மேலும் 150 ரிங்கிட் ஆகிறது. முடிவில் மாதம் 250 ரிங்கிட் குறைகிறது! வீடு எடுக்கும்போது இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், ஒரு மாத வாடகையை முன்கூட்டியும் கேட்பது வழக்கம். அதற்கே 1,500 ரிங்கிட் வேண்டும்.

வீட்டில் இன்னொருவருக்கும் வேலை கிடைத்தால் இக்கணக்கு மாறிவிடும். ஆனால், அப்போது குழந்தையைப் பார்ப்பது யார்? லயத்தில் பாட்டியும் அண்டை வீட்டாரும் செய்த உதவிக்கு நகரில் பணம் கொடுக்க நேரும்.

தோட்ட வீடும் நிலையானதன்று

அப்படியானால் தோட்டத்திலேயே இருந்துவிடலாமா? அதிலும் ஓர் ஆபத்து உண்டு. லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் வீடும் முடியும். ஓய்வு பெறும் வயதில் வீட்டைத் தேடத் தொடங்குவது காலங்கடந்த முயற்சியாகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதால் தொழிலாளர்கள் நிலையிழந்த காலத்தில்தான், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, என்றேனும் ஒரு நாள் புறப்படத்தான் வேண்டும். பிறர் புறப்படச் செய்வதற்கு முன்னர், நாமே ஆயத்தமாகிப் புறப்படுவதே நன்று.

ராஜிநாமாக் கடிதத்தில் கவனம்

தோட்டம் மூடப்பட்டோ ஆட்குறைப்பினாலோ வேலை இழக்கும் தொழிலாளிக்கு, 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இழப்பீடு உண்டு. ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள். 22 ஆண்டு உழைத்தவருக்கு 440 நாள் சம்பளம் சேரும். ஆனால், தாமாகவே வேலையை விட்டவருக்கு இவ்விதிமுறைகளின்கீழ் இழப்பீடு இல்லை. தோட்டம் மூடப்படும் என்ற பேச்சு அடிபடும் வேளையில், எந்தக் கடிதத்திலும் கையொப்பமிடுமுன் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ கேட்டறிதல் அவசியம்.

செல்ல வேண்டிய முறை

முதலில் வேலையை உறுதி செய்க. குடும்பத்தில் ஒருவர் முன்னதாகச் சென்று சில மாதங்கள் பணியாற்றிப் பார்ப்பது நலம். அடுத்து, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் தேடுக. பள்ளியாண்டின் நடுவில் மாற்றுவதைத் தவிர்க்க. அதன் பின்னர், வேலைக்கும் பள்ளிக்கும் அருகில் வீடு பார்க்க. பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து வைக்க. வீடு வாங்க எண்ணுவோர் ஊழியர் சேமநிதியில் உள்ள தம் சேமிப்பிலிருந்து வீட்டுக்காகப் பணம் மீட்கும் வசதியைக் குறித்து முன்னரே விசாரிக்க.

குடும்பத்தார் கூடிச் சிந்திக்க:

1. நகரில் வாடகையும் போக்குவரத்துச் செலவும் போக, நம் கையில் மிஞ்சுவது எவ்வளவு?
2. வேலை தடைப்பட்டால் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கச் சேமிப்பு உண்டா?
3. தோட்ட வீட்டை ஒப்படைக்கும் நாளில், நாம் குடியேறுவதற்கு ஓர் இடம் இருக்குமா?

மூன்றாம் வினாவிற்கு, போகிறவரும் இருக்கிறவரும் இன்றே விடை தேட வேண்டும்.