கம்பியில்லாக் கருவிகளில் மின்சிக்கனம்

ஏரியின் நீர்மட்டம், கிணற்றின் ஆழம், வயலின் ஈரம் ஆகியவற்றை அளந்து, வானலை வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் இன்று கிராமங்களிலும் நிறுவப்படுகின்றன. கரையிலும் வரப்பிலும் மின்சாரக் கம்பி செல்வதில்லை. ஆகவே இக்கருவிகள் பாட்டரியைக் கொண்டே இயங்க வேண்டும். கோடை முழுவதும் ஒழுங்காகச் செய்தி தந்த நீர்மட்டக் கருவி, ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும் இரவில் பாட்டரி தீர்ந்து ஓய்ந்துவிடுமாயின், அதற்குச் செலவிட்ட பணம் வீணாகும். அதனை நம்பியிருந்த மக்களும் இடருக்குள்ளாவர். எனவே பாட்டரி எவ்வாறு செலவாகிறது என்பதைக் கிராமத்தார் அறிந்திருத்தல் நலம்.

விழிப்பும் உறக்கமும்

செய்தி அனுப்புவதில்தான் மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், வேலையின்றி விழித்திருப்பதே பெருஞ்செலவு. தபால்காரர் நாளுக்கு ஒரு முறை வருபவர் எனில், அவரை எதிர்பார்த்து நாள் முழுவதும் வாசலில் நிற்பவர் உண்டோ? வானலைச் செய்தி வருமோ என்று இடைவிடாது காத்திருக்கும் கருவியின் நிலை இத்தகையதே.

இதனை ஒரு கணக்கால் காண்போம். சுவர்க் கடிகாரத்தில் இடும் சிறிய அல்கலைன் பாட்டரி ஏறத்தாழ 2,500 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவு உடையது. அஃதாவது, 1 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை 2,500 மணி நேரம் அளிக்கவல்லது. இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் இரட்டிக்கும், இக்கொள்ளளவு மாறாது. விழித்திருக்கையில் 20 மில்லியாம்பியர் கொள்ளும் கருவி ஒன்றை இவற்றுடன் இணைப்பதாகக் கொள்வோம். அது ஓயாது விழித்திருந்தால் 125 மணி நேரத்தில், அஃதாவது ஐந்தே நாட்களில், பாட்டரி தீர்ந்துவிடும்.

அதே கருவி மணிக்கு ஒரு முறை 9 விநாடி மட்டும் விழித்து, அளந்து, செய்தி அனுப்பி, மறுமொழிக்குச் சற்றுக் காத்திருந்து, மீண்டும் உறங்குவதாகக் கொள்வோம். விழிப்பிற்கு மணிக்கு 0.05 மில்லியாம்பியர்-மணி செலவாகும். உறக்கத்தில் 0.01 மில்லியாம்பியர் மட்டுமே கொள்ளுமாயின், நாளொன்றுக்கு மொத்தச் செலவு 1.44 மில்லியாம்பியர்-மணி. இக்கணக்கின்படி பாட்டரி நான்கரை ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும். வெயிலின் வெப்பத்தாலும் பாட்டரியின் மூப்பாலும் இக்காலம் குறையுமெனினும், ஐந்து நாட்களுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

உறங்கும் கருவியும் மின்சாரத்தைக் கொள்ளும் என்பதை மறத்தலாகாது. ஓட்டைப் பானையிலிருந்து சொட்டும் நீர் விடிவதற்குள் பானையைக் காலியாக்குவது போல, இச்சிறு கசிவும் பாட்டரியை வற்றச் செய்யும். மேற்கண்ட கருவி உறக்கத்தில் 1 மில்லியாம்பியர் கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தால், உறக்கத்திற்கு மட்டும் நாளொன்றுக்கு 24 மில்லியாம்பியர்-மணி செலவாகும். அப்போது பாட்டரி நூறு நாட்கள் கூட நிலைக்காது. அந்நிலையில் செய்திகளின் எண்ணிக்கையைக் குறைப்பதால் பெரும்பயன் விளையாது. கசிவை அடைத்தலே முதற்பணி.

இக்கசிவு பெரும்பாலும் மூன்று இடங்களில் நிகழ்கிறது. முதலாவது, கருவி இயங்குவதைக் காட்ட ஓயாது எரியும் சிறு விளக்கு. இரண்டு மில்லியாம்பியர் கொள்ளும் விளக்கொன்றே 52 நாட்களில் பாட்டரியைத் தீர்த்துவிடும். இரண்டாவது, அளக்காத நேரத்திலும் மின்சாரம் பெறும் ஈரமானி போன்ற உறுப்பு. அளக்கும் விநாடிகளில் மட்டும் இதற்கு மின்சாரம் செல்லுமாறு அமைத்தல் வேண்டும். மூன்றாவது, மின்னழுத்தத்தைச் சீர்ப்படுத்தும் உறுப்பு. தரக்குறைவான உறுப்பு, கருவி உறங்கும்போதும் தான் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

தூரமும் உயரமும்

திறந்த வெளியில் செய்தி செல்லும் தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமாயின், செலுத்தும் வானலை ஆற்றலை நான்கு மடங்காக்க வேண்டும். இதனினும் எளிய வழி, செய்தியைப் பெறும் நிலையத்தின் ஏரியலை உயர்த்துவதாகும். பெறும் நிலையம் எந்நேரமும் விழித்திருக்க வேண்டியது; ஆதலால் அதற்கு மின்வாரிய இணைப்புத் தேவை. ஊரின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இதற்கு ஏற்ற இடமாகும். உயரமும் உண்டு, பெரும்பாலும் அருகிலேயே மின்சாரமும் உண்டு.

பிரான்ஸ் நாட்டில் தோன்றிய ‘லோரா’ முறையில் செய்தியை மெதுவாக அனுப்பினால் நெடுந்தூரம் செல்லும். ஆயினும் வேகத்தை ஒரு படி குறைக்குந்தோறும் அனுப்பும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. மின்செலவும் உடன் வளர்கிறது. ஆகவே ஏரியலை நல்லிடத்தில் அமைத்து, இயன்ற அளவு விரைவான படியில் அனுப்புதலே சிக்கனம். இம்முறை நம் நாட்டில் பயன்படுத்தும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைக்கு, வரையறுத்த ஆற்றலுக்குள் இயங்கும் கருவிகளுக்கு 2005ஆம் ஆண்டு முதல் உரிமம் தேவையில்லை.

எப்போது சொல்ல வேண்டும்?

கோடையில் ஏரி மெல்ல வற்றுகிறது. நாளுக்கு ஒரு செய்தி போதும். மழைக்காலத்தில் நீர் விரைந்து ஏறும்போது கால் மணிக்கு ஒரு முறையேனும் செய்தி வேண்டும். ஆதலின், கருவி அடிக்கடி அளந்து, குறித்த அளவு மாற்றம் நேர்ந்தால் மட்டும் உடனே அனுப்புமாறு அமைத்தல் அறிவுடைமை. எனினும் மாற்றம் இல்லாவிடினும் நாளுக்கு ஒரு முறை அது செய்தி அனுப்பியே ஆக வேண்டும். இன்றேல், நீர் ஏறவில்லை என்பதற்கும் கருவி ஓய்ந்துவிட்டது என்பதற்கும் வேறுபாடு தெரியாது. அச்செய்தியிலேயே பாட்டரியின் மின்னழுத்தமும் இடம்பெற்றால், மழைக்கு முன்பே பாட்டரியை மாற்றிவிடலாம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. உறக்கத்தில் கருவி கொள்ளும் மின்னோட்டம் எவ்வளவு?

2. ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி விழித்திருக்கும்?

3. செய்தி சேராவிடில் எத்தனை முறை திரும்ப அனுப்பும்? வரம்பின்றி முயலும் கருவி ஒரே நாளில் பல நாள் மின்சாரத்தைச் செலவிட்டுவிடும்.

4. செய்தி அனுப்பும் கால இடைவெளியை நாமே மாற்ற இயலுமா?

5. தீர்ந்த பாட்டரிகளைத் திரும்பப் பெறுவோர் யார்? இவற்றை வயலிலோ ஏரியிலோ எறிதல் கூடாது. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், இவற்றைச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன.

கருவி வாங்கும் ஊராட்சிகளும் உழவர் குழுக்களும் விலையை மட்டும் நோக்காது, இவ்வைந்து வினாக்களுக்கும் எழுத்து மூலம் விடை பெறுதல் வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு முறை பாட்டரியைச் சோதித்து வைப்பதும் அவசியம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரையுடையும் அபாயத்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டிய கருவிக்கு இவ்வளவேனும் நாம் செய்தல் கடமையாகும்.