மூலவோலையும் மின்படியும்

நுழையும்முன்

ஓலையிலும் கல்லிலும் செம்பிலும் எழுதிவைத்த சான்றுகளை வழக்கு மன்றங்களில் காட்டிய மரபு நம்முடையது. இன்று சான்றுகள் கைப்பேசியிலும் கண்காணிப்புக் கேமராவிலும் பதிவாகின்றன. அவற்றைச் சிதையாமல் எடுத்து, ஆராய்ந்து, நீதிமன்றம் ஏற்கும் வகையில் அளிக்கக் கற்பிக்கும் துறை மின்னணுத் தடயவியல்.

கடிகாரம் காட்டிய குற்றவாளி

சாரல் பருவத்தில் ஒரு நாள். குற்றாலம் பேரருவியை ஒட்டிய கடைத்தெருவில் ஒருவரது பணப்பை களவுபோகிறது எனக் கொள்வோம். காலை பத்து மணிக்கு அது நிகழ்ந்ததாக அவர் உறுதியாகக் கூறுகிறார். எதிர்க்கடைக் கேமராவின் பதிவில் பத்து மணிக்கு அவ்விடத்தில் காணப்படுபவன், தென்காசியிலிருந்து கடை வேலைக்கு வந்த ஓர் இளைஞன். ஐயம் அவன்மீது விழுகிறது. ஆனால், அக்கேமராவின் பதிவுக்கருவியில் உள்ள கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடுகிறது. அவன் அங்கு நின்றது உண்மையில் 9.40 மணிக்கு!

இதனால்தான், தடயத்தைக் கைப்பற்றுவோர் கருவியின் நேரத்தை இந்தியத் திட்ட நேரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை முதலில் குறித்துக்கொள்கின்றனர். கைப்பேசியில் மற்றொரு சிக்கல் உண்டு. அதன் உட்பதிவுகள் பல உலகப் பொதுநேரத்தில் அமைவதால், நம்முடைய பத்து மணி அங்கே 4.30 எனத் தோன்றும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் ஆய்வே தடம் மாறிவிடும். காலத்தாழ்வும் கேடு செய்யும். கேமராவின் சேமிப்பகம் நிறைந்ததும் புதிய காட்சி பழைய காட்சியின்மேல் பதிவாகும்.

படியும் மூலமும்

சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் ஓர் ஆவண வழக்கு வருகிறது. திருமணப் பந்தலில் வந்து நின்ற முதியவர், சுந்தரரைத் தமக்கு அடிமை என்கிறார்; ஓலையையும் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையிலோ, கிழிந்தது படியோலையே என்று கூறி முதியவர் மூலவோலையை நீட்டுகிறார். சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பிடப்பட்ட பின்னரே அவையினர் தீர்ப்புரைக்கின்றனர். கையெழுத்தை ஒப்பிடும் இம்முறையை இன்றைய ஆவணத் தடயவியலாளரும் தம்முடையது என்றே சொல்வர்.

மின்னணு உலகில் படிக்கும் மூலத்துக்கும் கண்ணால் வேறுபாடு காண இயலாது. எனவே கணக்கின் துணை நாடப்படுகிறது. கோப்பு முழுவதையும் ஒரு கணித வழிமுறைக்கு உட்படுத்தினால் ‘ஹாஷ் மதிப்பு’ கிடைக்கும். எஸ்எச்ஏ-256 என்னும் முறையில் அது 64 குறிகளாக எழுதப்படும். ஒரு மணிநேரக் காட்சியில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அம்மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். ஆய்வாளர் மூலக்கருவியில் எதுவும் எழுதப்படாதவாறு தடைக்கருவியைப் பொருத்தித் துல்லியப்படி எடுப்பார். இரண்டின் ஹாஷ் மதிப்பும் ஒன்றாக இருப்பதைப் பதிவு செய்வார். அதன்பின் படியிலேயே ஆய்வு நிகழ்த்துவார். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெற்ற காணொளி மூலத்தின் துல்லியப்படி ஆகாது. அனுப்பும்போதே அது சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், கருவி முதலிய குறிப்புகளும் நீங்கிவிடக்கூடும்.

சட்டம் வந்த வழி

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இயற்றப்பட்டபோது, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுகளுக்கான 65பி பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் பயனைத் தமிழ்நாடு விரைவில் கண்டது. இணையக் குழுவில் ஒரு பெண்ணை இழிவுபடுத்தும் செய்திகள் இடப்பட்ட வழக்கில், 2004 நவம்பர் 5 அன்று சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. புகார் அளித்தது அவ்வாண்டு பிப்ரவரியில். செய்திகளை அப்பெண்ணே அனுப்பியிருக்கலாம் என்றுகூட எதிர்த்தரப்பு வாதிட்டது! மின்னணுச் சான்றும் இணைய மைய உரிமையாளரின் சாட்சியமும் அவ்வாதத்தை வீழ்த்தின.

மின்படிக்குச் சான்றிதழ் கட்டாயம் என 2014இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2020இல் அதனை மீண்டும் உறுதிசெய்தது. மூலக்கருவியையே மன்றத்தில் முன்வைத்தால் சான்றிதழ் வேண்டியதில்லை என்றும் விளக்கியது. திருவெண்ணெய்நல்லூர் அவையினர் இதனை வியப்பின்றிக் கேட்டிருப்பர். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் வல்லுநரின் ஒப்பத்தையும் கேட்கிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் முதல் வேதியியல் ஆய்வாளர் ஆய்வகம் 1849இல் சென்னையில் தொடங்கப்பட்டது. நஞ்சு முதலியவற்றை ஆராய்ந்த அவ்வகை ஆய்வகங்களே இன்றைய தடய அறிவியல் துறையின் முன்னோடிகள்.

கற்கும் இடங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணையத் தடயவியல், தகவல் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான முதுநிலைப் படிப்பு உண்டு. காந்திநகரிலுள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் இத்துறையில் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. தென்காசி மாணவர்க்கு அண்மையில், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை அமைந்துள்ளது.

கணினியறிவு மட்டும் இப்படிப்புக்குப் போதாது. சட்டமும் வேண்டும், மொழியும் வேண்டும். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் வழக்காடு மொழி தமிழ். சாட்சிக் கூண்டில் ஏறும் வல்லுநர், 64 குறிகள் எதைக் காட்டுகின்றன, கேமராவின் பத்து மணி எவ்வாறு 9.40 ஆயிற்று என்பவற்றை நீதிபதிக்கும் கூண்டில் நிற்கும் அந்த இளைஞனுக்கும் விளங்கும் தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும்.